புதிய கௌபாய் (கதைமாந்தர் வகை)

புதிய கௌபாய் என்பது ஐக்கிய அமெரிக்காவின் மேற்கத்தியக் கதைகளிலும் திரைப்படங்களிலும் அடிக்கடி இடம்பெறும் ஒரு கதைமாந்தர் வகை ஆகும். கிழக்குப் பகுதி நகரங்களிலிருந்து மேற்கிலுள்ள கால்நடைப் பண்ணைக்கு வந்து சேரும் அனுபவமற்ற இளைஞர் ஒருவர், முதலில் அங்குள்ளோரின் கேலிக்கு ஆளாகிறார். பின்னர் மாட்டுத் திருடரையோ கொள்ளையரையோ எதிர்கொண்டு தம் தகுதியை நிறுவுகிறார். இதுவே இவ்வகைக் கதைகளின் பொதுவான அமைப்பு ஆகும். 20 ஆம் நூற்றாண்டில் இத்தகைய கதைகள் பல, பணம் செலுத்தும் பயணிகள் தங்கிச் செல்லும் விருந்தினர் பண்ணைகளைக் களமாகக் கொண்டன.

இக்கதைமரபு முற்றிலும் கற்பனை அன்று. பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவின் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட் 1883 முதல் 1886 வரை டகோட்டா பிரதேசத்தில் பெற்ற அனுபவங்கள் இதற்குச் சிறந்த வரலாற்று எடுத்துக்காட்டாகும். ஆயினும் கதைகளில் புதியவரின் தகுதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் துப்பாக்கிச் சண்டை. வரலாற்றில் அதைத் தீர்மானித்தவை குதிரையேற்றம், உழைப்பு, பொறுமை ஆகியவையே.

சொற்கள்

மேற்குப் பகுதிக்குப் புதிதாக வந்தவரைக் குறிக்க இரண்டு சொற்கள் வழங்கின. ஒன்று டென்டர்ஃபுட் என்பதாகும். மென்மையான பாதங்களை உடையவர், அதாவது கரடுமுரடான நிலத்தில் நடந்து பழகாதவர் என்பது இதன் பொருள். மற்றொன்று டியூட் என்பதாகும். இது நன்கு உடுத்திய நகரவாசியைக் குறித்த கேலிச்சொல். நாளடைவில் பண்ணையில் பணம் கொடுத்துத் தங்கும் விருந்தினர் அனைவரும் டியூட் என்றே அழைக்கப்பட்டனர். விருந்தினர் பண்ணைக்கு டியூட் ராஞ்ச் என்னும் பெயர் இவ்வாறே ஏற்பட்டது.

ராஞ்ச், ரோடியோ, லாசோ முதலிய சொற்கள் எசுப்பானிய மொழியிலிருந்து வந்தவை. மெக்சிக்கோவின் மாட்டிடையர்களான வாக்கரோக்களிடமிருந்தே அமெரிக்கக் கௌபாய்கள் தம் தொழிலையும் சேணம், சுருக்குக் கயிறு போன்ற கருவிகளையும் பெற்றனர் என்பதற்கு இச்சொற்கள் சான்றாகும்.

வரலாற்றுப் பின்னணி

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தபோது டெக்சாசில் மாடுகள் மிகுந்திருந்தன; அவற்றின் விலையும் மிகக் குறைவாக இருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் இருந்த நகரங்களில் இறைச்சியின் தேவை மிகுதியாக இருந்தது. எனவே மாட்டு மந்தைகள் பல நூறு கிலோமீட்டர் தொலைவு நடத்திச் செல்லப்பட்டு, கான்சாசின் தொடருந்து நிலையங்களில் விற்கப்பட்டன. இப்பணிக்கு அமர்த்தப்பட்ட கூலித் தொழிலாளர்களே கௌபாய்கள் ஆவர். இவர்களில் பலர் பதின்ம வயதினர். வெள்ளையர் மட்டுமன்றி, விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் மெக்சிக்கோவினரும் அமெரிக்கப் பழங்குடியினரும் இத்தொழிலில் ஈடுபட்டனர். மாத ஊதியம் ஏறத்தாழ 30 முதல் 40 டாலர் வரை இருந்தது.

அக்காலத்தில் மேய்ச்சல் நிலங்களுக்கு வேலி இல்லை. பல பண்ணைகளின் மாடுகள் ஒன்றாகக் கலந்து மேய்ந்தன. யாருடைய மாடு என்பதைத் தோலில் இடப்பட்ட சூட்டுக்குறியே காட்டியது. இளவேனிற்காலத்தில் பண்ணையார்கள் ஒன்றுகூடி மந்தைகளைத் திரட்டி, தாய்ப்பசுவின் குறியைப் பார்த்து அதன் கன்றுக்கும் அதே சூட்டை இட்டனர்.

புதியவருக்கான சோதனைகள்

புதிதாக வேலை கேட்டு வருபவரிடம் சான்றிதழ் எதுவும் கேட்கப்படவில்லை. அவருக்கு ஒரு முரட்டுக் குதிரை கொடுக்கப்பட்டது. விழுந்தால் மீண்டும் ஏறுகிறாரா, கேலியைப் பொறுத்துக்கொள்கிறாரா, இரவுக் காவலில் உறங்காமல் இருக்கிறாரா என்பவையே கவனிக்கப்பட்டன. மாடுகள் இரவில் மிரண்டு ஓடுவது இத்தொழிலின் பேரிடர்களுள் ஒன்று. இருளில் குதிரை இடறி விழுந்து இறந்தோர் உண்டு; ஆறுகளைக் கடக்கும்போது மூழ்கி இறந்தோரும் உண்டு.

டென்னசியில் 1854 இல் அடிமையாகப் பிறந்த நாட் லவ் என்பவர், 1907 இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் இத்தகைய சோதனை ஒன்றை விவரித்துள்ளார். பதினைந்து வயதளவில் மேற்கே சென்ற அவர் ஒரு கௌபாய்க் குழுவினரிடம் வேலை கேட்டார். அவர்கள் தம்மிடமிருந்த குதிரைகளிலேயே அடங்காத ஒன்றை அவருக்குக் கொடுத்தனர். ஊரில் குதிரைக்குட்டிகளைப் பழக்கியிருந்த அவர் கீழே விழாமல் அமர்ந்திருந்தார். மாதம் 30 டாலர் ஊதியத்தில் வேலையும் பெற்றார்.

கொள்ளையரும் சட்டமும்

மேய்ச்சல் நிலத்தின் முதன்மையான குற்றம் கால்நடைத் திருட்டு ஆகும். பழைய சூட்டுக்குறியின் மீது காய்ச்சிய இரும்பால் கூடுதல் கோடுகளை வரைந்து அதை வேறொரு குறியாக மாற்றுவது திருடர்களின் வழக்கமான முறை. குறி இடப்படாத கன்றுகளைக் கவர்ந்து தம் குறியை இடுவது மற்றொரு முறை. குதிரைத் திருட்டு இன்னும் கடுமையான குற்றமாகக் கருதப்பட்டது. மனித நடமாட்டம் குறைந்த அச்சமவெளியில் குதிரையை இழந்தவர் உயிரையே இழக்க நேரிடலாம் என்பதே இதற்குக் காரணம்.

காவல் அலுவலர்களும் நீதிமன்றங்களும் நெடுந்தொலைவில் இருந்தமையால், பண்ணையார்கள் தாங்களே தண்டனை வழங்கும் குழுக்களை அமைத்தனர். மொன்டானா பிரதேசத்தில் 1884 இல் கிரான்வில் ஸ்டூவர்ட் என்னும் பண்ணையாரின் தலைமையில் இயங்கிய குழு, குதிரைத் திருடர் எனக் கருதப்பட்ட பலரை விசாரணையின்றிக் கொன்றது. எனவே ஒரு திருடனைப் பிடித்த பின் அவனை என்ன செய்வது என்பது அக்காலத்தில் உண்மையான அறச்சிக்கலாக இருந்தது.

தியோடர் ரூஸ்வெல்ட்டின் அனுபவங்கள்

நியூயார்க் நகரின் செல்வக் குடும்பம் ஒன்றில் 1858 இல் பிறந்த ரூஸ்வெல்ட், சிறுவயதில் ஆஸ்துமா நோயால் துன்புற்றவர். 1883 செப்டம்பரில் காட்டெருமை வேட்டைக்காக டகோட்டா பிரதேசத்தின் லிட்டில் மிசௌரி ஆற்றுப் பகுதிக்கு வந்தார். திரும்பிச் செல்லும் முன் மால்டீஸ் கிராஸ் பண்ணையில் 14,000 டாலர் முதலீடு செய்தார். 1884 பிப்ரவரி 14 அன்று அவருடைய மனைவியும் தாயும் ஒரே வீட்டில், ஒரே நாளில் இறந்தனர். அவ்வாண்டின் கோடையில் அவர் மீண்டும் அங்கு வந்து, மெடோரா ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 56 கி.மீ. தொலைவில் எல்க்ஹார்ன் என்னும் இரண்டாவது பண்ணையை அமைத்தார்.

மூக்குக்கண்ணாடி அணிந்த அவரை அப்பகுதியினர் 'நாற்கண்ணர்' எனக் கேலி செய்தனர். மந்தை சேர்ப்பின்போது நகரத்து ஆங்கிலத்தில் அவர் இட்ட கட்டளை ஒன்று நெடுநாள் நகைப்புக்குரியதாக இருந்தது. மிங்கஸ்வில் என்னும் சிற்றூரின் விடுதியில் இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்திய குடிகாரர் ஒருவர், அங்கிருந்த அனைவருக்கும் மது வாங்கித் தருமாறு அவரை மிரட்டினார். ரூஸ்வெல்ட் அவரைக் கையால் குத்தி வீழ்த்தினார். இந்நிகழ்வை அவரே தம் தன்வரலாற்றில் (1913) கூறியுள்ளார்.

ஆயினும் கௌபாய்களின் மதிப்பை அவர் பெற்றது பெரிதும் 1885 ஆம் ஆண்டின் இளவேனில் மந்தை சேர்ப்பின்போதாகும். முதலாளி என்னும் சலுகை எதையும் கோராமல், இரவுக் காவல் உட்பட அனைத்துப் பணிகளையும் அவர் செய்தார். தாம் சிறந்த குதிரை வீரர் அல்லர் என்பதையும் சுருக்குக் கயிறு வீசுவதில் திறமை குறைந்தவர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. குதிரையிலிருந்து விழுந்து தோளில் காயமுற்ற நிலையிலும் பணியைத் தொடர்ந்தார்.

படகுத் திருட்டு (1886)

1886 மார்ச்சு இறுதியில் எல்க்ஹார்ன் பண்ணையின் படகு திருடப்பட்டது. பனிக்கட்டிகள் மிதந்த ஆற்றைக் கடந்து மறுகரைக்குச் செல்லப் பண்ணையினர் இப்படகையே நம்பியிருந்தனர். மைக் ஃபின்னிகன் என்பவரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் இதைத் திருடியிருந்தனர். தாங்களே தண்டனை வழங்கும் குழுவினருக்கு அஞ்சி அவர்கள் அப்பகுதியை விட்டுத் தப்ப முயன்றதாகக் கருதப்பட்டது. ரூஸ்வெல்ட்டிடம் பணியாற்றிய வில்லியம் சூவல், வில்மட் டௌ ஆகிய இருவரும் சில நாள்களில் புதிய படகு ஒன்றைச் செய்தனர். மூவரும் அதில் ஏறி ஆற்றின் போக்கில் திருடர்களைத் தொடர்ந்தனர்.

மூன்றாம் நாளில் திருடர்களின் முகாமைக் கண்டனர். அங்கு தனியாக இருந்தவரை முதலில் பிடித்து, மற்ற இருவரும் திரும்பி வரும்வரை காத்திருந்தனர். துப்பாக்கிச் சூடு எதுவுமின்றி மூவரும் பிடிபட்டனர்.

உண்மையான இடர்ப்பாடு அதன் பின்னரே தொடங்கியது. ஆற்றில் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டதால் படகுகள் பல நாள்கள் நகர இயலவில்லை. உணவு குறைந்து, இறுதியில் மாவு மட்டுமே எஞ்சியது. கைதிகளின் கைகால்களைக் கட்டினால் கடுங்குளிரில் அவை உறைந்துவிடும் என்பதால் அவர்கள் கட்டப்படவில்லை. மாறாக, அவர்களுடைய காலணிகள் கழற்றி வைக்கப்பட்டன. கள்ளிச்செடிகள் நிறைந்த நிலத்தில் வெறுங்காலுடன் ஓட முடியாது என்பதே இதன் காரணம். காவலிருந்த நேரங்களில் ரூஸ்வெல்ட் டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' நாவலைப் படித்து முடித்தார்.

பின்னர் அவர் ஒரு பண்ணையிலிருந்து வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டார். கூட்டாளிகளைப் படகுகளுடன் அனுப்பிவிட்டு, கைதிகளை வண்டியில் ஏற்றி டிக்கின்சன் நகருக்குப் புறப்பட்டார். வண்டியோட்டி முன்பின் அறியாதவர் என்பதால், வண்டியில் ஏறாமல் துப்பாக்கியுடன் அதன் பின்னே சேற்றில் நடந்தார். ஏறத்தாழ 72 கி.மீ. தொலைவை இரண்டு நாள்களில் கடந்து, இடையில் இரவிலும் உறங்காமல், 1886 ஏப்ரல் 11 அன்று கைதிகளைச் ஷெரிபிடம் ஒப்படைத்தார். அவருடைய பாதங்கள் புண்ணாகியிருந்தன; அந்நகர மருத்துவர் அவற்றுக்குச் சிகிச்சை அளித்தார்.

அங்கேயே தூக்கிலிடாமல் திருடர்களுக்காக இவ்வளவு தொல்லையை ஏற்றது ஏன் என்பது வழியில் உதவிய குடியேறி ஒருவருக்கு விளங்கவில்லை என ரூஸ்வெல்ட் பின்னர் எழுதினார். இருவர் சிறைத்தண்டனை பெற்றனர். அறியாமையால் உடன் சென்றவராகக் கருதப்பட்ட மூன்றாமவர் விடுவிக்கப்பட்டார். ஃபின்னிகன் சிறையிலிருந்து ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதியது குறிப்பிடத்தக்கது.

இதே ரூஸ்வெல்ட் 1884 இல் ஸ்டூவர்ட்டின் குழுவில் சேர விரும்பியதாகவும், அவர் பலரும் அறிந்தவர் என்பதால் அது மறுக்கப்பட்டதாகவும் கூறப்படுகிறது. அவ்வகையில் இரண்டே ஆண்டுகளில் அவருடைய நடத்தையில் ஏற்பட்ட மாற்றம் கருதத்தக்கது.

விருந்தினர் பண்ணைகளின் தோற்றம்

மெடோராவுக்கு அருகில், ரூஸ்வெல்ட்டின் முதல் பண்ணையை அடுத்து, கஸ்டர் டிரெயில் என்னும் பண்ணை இருந்தது. பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஹோவர்ட், ஆல்டன், வில்லிஸ் ஆகிய ஈட்டன் உடன்பிறப்புகள் இதை நடத்தினர். வேட்டையாடவும் குதிரை ஏறவும் கிழக்கிலிருந்து வந்த நண்பர்கள் அங்கு மாதக்கணக்கில் தங்கினர். அவர்களுக்கு உணவளிக்கும் செலவு பெருகியது. 1882 இல் விருந்தினர் ஒருவர் தம் செலவுக்குப் பணம் கொடுக்க முன்வந்தார். இதுவே விருந்தினர் பண்ணைத் தொழிலின் தொடக்கமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

இத்தொழில் வளர்ந்ததற்கு ஒரு பேரழிவும் காரணமாயிற்று. 1886 கோடையில் வறட்சி நிலவியது. அளவுக்கு மீறி மாடுகள் விடப்பட்டதால் புல்வெளிகள் ஏற்கனவே நலிந்திருந்தன. தொடர்ந்து வந்த 1886–87 குளிர்காலத்தின் பனிப்புயல்களில் வடக்குச் சமவெளியின் மாடுகள் பெருமளவில் மடிந்தன. ரூஸ்வெல்ட் தம் மந்தையில் பாதிக்கு மேல் இழந்தார். மாட்டு வளர்ப்பை மட்டும் நம்பியிருப்பது இடர் மிகுந்தது என்பதைப் பண்ணையார்கள் உணர்ந்தனர். குளிர்காலத்தில் மாடுகளை விட டியூட்களைப் பராமரிப்பது எளிது என்னும் நகைச்சுவை வழக்கும் அவர்களிடையே தோன்றியது.

ஈட்டன் குடும்பத்தினர் 1904 இல் தம் பண்ணையை வயோமிங் மாநிலத்தின் செரிடன் நகருக்கு அருகிலுள்ள வுல்ஃப் என்னும் இடத்திற்கு மாற்றினர். தொடருந்து நிறுவனங்கள் பயணிகளை ஈர்ப்பதற்காக இப்பண்ணைகளை விளம்பரப்படுத்தின. 1926 இல் மொன்டானாவின் போஸ்மன் நகரில், வடபசிபிக் தொடருந்து நிறுவனத்தின் ஆதரவுடன், விருந்தினர் பண்ணையாளர் சங்கம் தொடங்கப்பட்டது. விருந்தினர்களுக்குச் சாதுவான குதிரைகள் வழங்கப்பட்டன. அவர்கள் பண்ணைக் குடும்பத்தினருடன் ஒரே மேசையில் உணவருந்தினர். சிலர் பண்ணை வேலைகளிலும் பங்குகொண்டனர்.

இலக்கியத்தில்

ரூஸ்வெல்ட்டின் பண்ணை வாழ்க்கைக் கட்டுரைகள் 1888 இல் 'செஞ்சுரி' இதழில், ஃபிரெடெரிக் ரெமிங்டனின் ஓவியங்களுடன் வெளிவந்தன. படகுத் திருட்டு நிகழ்வும் அவற்றில் இடம்பெற்றது.

அவருடைய நண்பரான ஓவன் விஸ்டர் எழுதிய 'தி வர்ஜீனியன்' (1902) நாவல், மேற்கத்தியப் புதினங்களுக்கு முன்மாதிரியாக விளங்குகிறது. இந்நாவல் ரூஸ்வெல்ட்டுக்கே காணிக்கையாக்கப்பட்டது. இதில் கதையைச் சொல்பவர், வயோமிங்கின் பண்ணை ஒன்றுக்கு விருந்தினராக வரும் கிழக்குப் பகுதி இளைஞர் ஆவார். கதைத்தலைவனான கௌபாய், மாட்டுத் திருட்டில் ஈடுபட்ட தன் பழைய நண்பனையே தூக்கிலிடும் குழுவில் இருக்க நேரிடுகிறது. நாவல் இச்செயலைத் துயரமான கடமையாகச் சித்திரிக்கிறது. இதுவும் ரூஸ்வெல்ட் தம் கைதிகளை நீதிமன்றத்திடம் ஒப்படைத்ததும் ஒரே சிக்கலுக்குத் தரப்பட்ட இருவேறு விடைகளாகும்.

திரைப்படங்களில்

'தி கிரேட் டிரெய்ன் ராபரி' (1903) திரைப்படத்திலேயே, புதியவர் ஒருவரின் காலடியில் சுட்டு அவரை ஆடவைக்கும் காட்சி உண்டு. டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த 'வைல்டு அண்ட் வூலி' (1917) இக்கதைமரபை நகைச்சுவையாகக் கையாண்டது. மேற்குப் பகுதி மீது மோகம் கொண்ட நியூயார்க் இளைஞரை மகிழ்விப்பதற்காக, அரிசோனாவின் ஊர் ஒன்று பழைய முரட்டு ஊரைப் போல நடிக்கிறது. நடிப்பின் நடுவே உண்மையான கொள்ளை நிகழ, அவ்விளைஞர் உண்மையாகவே வீரராகிறார்.

சேன் கிரேயின் கதையைத் தழுவிய 'தி டியூட் ரேஞ்சர்' (1934) படத்தில், மரபுரிமையாகப் பண்ணையைப் பெற்ற இளைஞர் தம்மை யாரெனக் காட்டிக்கொள்ளாமல் அங்கேயே கௌபாயாக வேலைக்குச் சேர்ந்து, மாடுகள் குறைந்துவருவதன் காரணத்தைத் தேடுகிறார். 'ரைட் 'எம் கௌபாய்' (1942) விருந்தினர் பண்ணையில் நிகழும் நகைச்சுவைப் படம் ஆகும். 'தி கௌபாய்ஸ்' (1972) படத்தில் பள்ளிச் சிறுவர்கள் மாட்டுத் திருடர்களை எதிர்கொள்கின்றனர். 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்' (1991) படத்தில் நடுத்தர வயது நகரவாசிகள் மூவர் மந்தை நடத்தும் பயணத்தில் சேர்கின்றனர்.

திரைக்கதைக்கு விருந்தினர் பண்ணை மிகவும் பொருத்தமான களமாக அமைந்தது. புதியவர் ஏன் அங்கு வந்தார் என்பதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. பண்ணையின் நடைமுறைகளை அவருக்கு விளக்கும்போதே பார்வையாளர்களுக்கும் அவை விளங்கிவிடும். மேலும், தானுந்தும் தொலைபேசியும் வந்துவிட்ட 1930களிலும் குதிரைகளையும் கொள்ளையர்களையும் ஒரே கதையில் கொண்டுவர இக்களம் இடமளித்தது.

தமிழில்

இக்கதைமரபு தமிழ் வாசகர்களுக்குப் பெரிதும் சித்திரக்கதைகள் வழியாக அறிமுகமானது. லக்கி லூக், டெக்ஸ் வில்லர் ஆகியோரின் மேற்கத்தியக் கதைகளை லயன் காமிக்ஸ் தமிழில் வெளியிட்டது. சிம்புதேவன் இயக்கிய 'இரும்புக்கோட்டை முரட்டுச்சிங்கம்' (2010) திரைப்படத்தில், வீரன் ஒருவனின் உருவ ஒற்றுமை கொண்ட எளியவன், அவனுடைய இடத்தில் நிறுத்தப்பட்டுக் கொடியோரை எதிர்க்க நேரிடுகிறது.

கதையும் வரலாறும்

கதைகளில் புதியவரின் சோதனை சில நிமிடத் துப்பாக்கிச் சண்டையில் முடிவடைகிறது. அவரைக் கேலி செய்தவர்கள் உடனே மனம் மாறுகின்றனர். ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962) இந்த நம்பிக்கையையே கேள்விக்குள்ளாக்கியது. கிழக்கிலிருந்து வந்த வழக்கறிஞர் ஒருவர் கொள்ளையனைக் கொன்றவர் எனப் புகழ்பெற்று அரசியலில் உயர்கிறார். ஆனால் உண்மையில் சுட்டவர் வேறொருவர்.

நாட் லவ், ரூஸ்வெல்ட் ஆகியோரின் அனுபவங்களில் சோதனை நீண்டது, பார்ப்போரும் குறைவு. டிக்கின்சனுக்குச் சென்ற வழியில் ரூஸ்வெல்ட் ஒரு முறையும் சுடவில்லை. உறங்காமல் இருந்ததும், கைதிகளுக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொண்டதுமே அங்கு அவர் செய்தவை.

ரூஸ்வெல்ட்டின் பண்ணை நிலம் அமைந்திருந்த பகுதி 1947 இல் அவருடைய நினைவுப் பூங்காவாகவும், 1978 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. மால்டீஸ் கிராஸ் பண்ணையின் மர வீடு மெடோராவில் பாதுகாக்கப்படுகிறது. எல்க்ஹார்ன் பண்ணை வீட்டில் எஞ்சியிருப்பவை அடித்தளக் கற்கள் மட்டுமே.